அன்னம் இருக்கு, ஏரி இல்லை

போன வாரம் பரண் சுத்தம் பண்ணும்போது பழைய ஆல்பம் ஒண்ணு கைக்கு வந்தது. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கல்யாணம் ஆன புதுசுல, 1974-ல, ஸ்டுடியோவுக்குப் போய் எடுத்துக்கிட்ட கறுப்பு வெள்ளை போட்டோ அதுல இருக்கு. அப்பா நாற்காலியில உட்கார்ந்திருக்கார், அம்மா பக்கத்துல நிக்கறாங்க. (அந்தக் காலத்துப் போட்டோ எல்லாமே இப்படித்தான். ஏன்னு அப்பாகிட்ட கேட்டுத் திட்டு வாங்கியிருக்கேன்.) பின்னாடி துணியில வரைஞ்ச படுதா. அதுல பனி மூடின மலை, மலைக்குக் கீழே ஏரி, ஏரியில ரெண்டு அன்னம்.

விசேஷம் என்னன்னா, அந்த ஸ்டுடியோவுல இருந்து பத்து நிமிஷம் நடந்தா கொரட்டூர் ஏரி. நிஜ ஏரி. நிஜக் கொக்கு, நாரை. பனி மலைதான் கிடையாது. பத்து நிமிஷ நடையில இருக்கற ஏரியை விட்டுட்டு, துணியில இருக்கற ஏரிக்கு முன்னாடி நின்னு காசு கொடுத்துப் படம் எடுத்திருக்காங்க.

சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷமே சிரிப்பு நின்னும் போச்சு. ஏன்னா நானும் அதையேதான் பண்ணினேன். படுதாவுக்குப் பதிலா கம்ப்யூட்டர்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்தறேன், பொறுத்துக்குங்க.

2003. வீட்டுல பென்டியம் த்ரீ, 128 எம்பி ராம். ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோட வந்த சிடியில டெராஜென்னு ஒரு மென்பொருள் இருந்தது. மேட் ஃபேர்க்ளஃப்னு ஒருத்தர் எழுதினது. சொந்த உபயோகத்துக்கு இலவசம். ஒரு பொத்தானை அழுத்தினா மலைத்தொடர் ஒண்ணு முளைக்கும். தண்ணி மட்டம் எவ்வளவு, சூரியன் எங்கே, மேகம் எத்தனைன்னு எண்களைக் கொடுத்துட்டு ராத்திரி படுத்துட்டா, காலையில படம் தயாரா இருக்கும். (ரெண்டு மணிக்குக் கரண்ட் போகாம இருந்தா! போச்சுன்னா, பாதி வானம் மட்டும் கூட மிஞ்சாது.)

முதல் படம் முழுசா வந்த காலையில அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். தூரத்துல நீல மலை, நடுவுல கண்ணாடி மாதிரி தண்ணி, மேலே இளஞ்சிவப்பு மேகம். அம்மா காபி டம்ளரோட நின்னு ரொம்ப நேரம் பார்த்தாங்க.

"எந்த ஊருடா இது?"

"ஊரே இல்லைம்மா. கணக்குப் போட்டு கம்ப்யூட்டரே வரைஞ்சது."

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு மாடு கூட இல்லையே."

கொஞ்சம் யோசிச்சுட்டு இன்னொண்ணும் கேட்டாங்க. "நான் கல்யாணமாகி வந்தப்ப நம்ம ஏரி எப்படி இருந்துச்சு தெரியுமா? அதைப் போட முடியுமா இதுல?"

ரெண்டு நாள்ல போட்டுத் தரேன்னு சொன்னேன். இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. இன்னும் போடலை. ஏன் முடியலைன்னு யோசிச்சப்பதான், அந்தக் கம்ப்யூட்டர் மலை ஏன் நமக்கு அவ்வளவு பிடிக்குதுங்கற கேள்விக்கும் பதில் கிடைச்சது. ரெண்டும் ஒரே கதை.

முதல்ல கணக்கு

மலையை முக்கோணம், வட்டம்னு வரைஞ்சா மலை மாதிரியே இருக்காது, பள்ளிக்கூடத்து ஓவிய நோட்டு மாதிரி இருக்கும். ஏன்னு விளக்கினவர் பெனுவா மண்டல்ப்ரோ. ஒரு கடற்கரையைக் கிட்டப் போய்ப் பார்க்கப் பார்க்க வளைவுக்குள்ள வளைவு வந்துக்கிட்டே இருக்கும், அதனால அளவுகோல் சின்னதாக ஆக நீளம் கூடிக்கிட்டே போகும்னு 1967-ல எழுதினார். மலையும் மேகமும் இப்படித்தான். சின்னக் கல்லுல பெரிய மலையோட சொரசொரப்பு இருக்கும். இதுக்கு அவர் வெச்ச பேர் ஃப்ராக்டல்.

அவரோட புத்தகத்தைப் படிச்சுட்டு, போயிங் விமானக் கம்பெனியில வேலை பார்த்த லோரன் கார்ப்பென்டர் ஒரு வேலை பண்ணினார். ஒரு முக்கோணம் எடுத்துக்குங்க. மூணு பக்கத்துக்கும் நடுப்புள்ளியைக் கண்டுபிடிச்சு, ஒவ்வொண்ணையும் குருட்டாம்போக்குல கொஞ்சம் மேலே தூக்கு, இல்லை கீழே இறக்கு. இப்ப நாலு முக்கோணம். ஒவ்வொண்ணுக்கும் அதையே திரும்பப் பண்ணு, தூக்கற அளவை மட்டும் குறைச்சுக்கிட்டே வா. பத்து தடவை பண்ணினா 10,48,576 முக்கோணம். அப்பளம் பொரியற மாதிரி தட்டையா இருந்தது மலையா எழும்பிடும்!

இப்படிச் செஞ்ச மலைகளுக்கு நடுவுல பறக்கற ரெண்டு நிமிஷப் படம் ஒண்ணை 1980-ல சிக்ராஃப் மாநாட்டுல போட்டுக் காட்டினார். பேர் வோல் லீப்ரெ. பார்த்தவங்க அசந்து போனாங்க. லூக்காஸ்ஃபிலிம்ல வேலை கிடைச்சது. 1982-ல வந்த ரெண்டாவது ஸ்டார் ட்ரெக் படத்துல ஒரு செத்த கிரகம் உயிர் பெற்று மலையும் கடலுமா மாறுமே, அந்த மலைகள் அவர் கைவண்ணம். 1985-ல கென் பெர்லின் எழுதின முறையால மேகம், பளிங்கு, புகை எல்லாம் வசப்பட்டுது. 1994-ல ப்ரைஸ்னு மென்பொருள் வந்து, இது வீட்டுக் கம்ப்யூட்டருக்கே வந்துடுச்சு. அதுக்கு அப்புறம்தான் என் சிடி.

இந்தச் சொரசொரப்பு நம்ம கண்ணுக்கு ஏன் சுகம்? நடுத்தரமான சொரசொரப்பைத்தான் பெரும்பாலானவங்க விரும்பறாங்கன்னு ரிச்சர்ட் டெய்லர்ங்கற இயற்பியல்காரர் குழு சோதனை பண்ணிச் சொல்லியிருக்கு. ரொம்ப வழவழன்னு இருந்தா பொய், ரொம்பக் கரடுமுரடா இருந்தா தலைவலி. மரமும் மேகமும் அந்த நடுத்தரத்துலதான் இருக்கு. ஆயுசு பூரா அதையே பார்த்துப் பழகின கண்ணு, கணக்குல செஞ்சதையும் "தெரிஞ்ச முகம்"னு ஏத்துக்குது.

ஆனா கணக்கு மட்டும் இல்லை

சொரசொரப்புதான் காரணம்னா உடைஞ்ச கருங்கல்லைப் பார்த்தே சொக்கிப் போகணும். அப்படி யாரும் சொக்கலை. அதை எந்தச் சட்டத்துல மாட்டிக் காட்டறோம்ங்கறதும் முக்கியம். அந்தச் சட்டம் கம்ப்யூட்டரை விட ரொம்பப் பழசு.

1792, 93 வாக்குல தாமஸ் டேனியல், அவரோட சகோதரர் மகன் வில்லியம் டேனியல்னு ரெண்டு இங்கிலீஷ் ஓவியர்கள் நம்ம தமிழ்நாட்டைச் சுத்தினாங்க. கோயில், கோட்டை, மலை, அருவின்னு வரைஞ்சு தள்ளினாங்க. ஓரியண்டல் சீனரிங்கற பேர்ல 1795-ல இருந்து 1808 வரைக்கும் 144 படமா அதெல்லாம் வெளிவந்தது. அவங்க நாட்டுல அப்ப ஒரு ரசனை ஓடிக்கிட்டிருந்தது. முன்னாடி ஓரமா இருட்டா ஒரு மரம், நடுவுல வெளிச்சமா தண்ணி, தூரத்துல மங்கலா நீல மலை, எறும்பு மாதிரி மனுஷங்க. இந்த மாதிரி அமைஞ்ச இடம்தான் "படத்துக்குத் தகுந்த இடம்". அப்படி அமையாததைத் தாண்டிப் போயிடலாம்.

அதே சட்டம் அப்புறம் நாடகக் கொட்டகைப் படுதாவுக்கு வந்தது. படுதா வரைஞ்சவங்கள்ல ஒருத்தர்தான் கோவில்பட்டி சி. கொண்டைய ராஜு (1898-1976). சிவகாசியில அச்சான அவரோட காலண்டர்களைப் பார்க்காத வீடு அந்தக் காலத்துல குறைவு. முன்னாடி முருகனோ லட்சுமியோ, பின்னாடி மலை, நீர்நிலை, மேகம். போட்டோ ஸ்டுடியோ படுதாவும் அதே வகையறா. எங்க அம்மா பின்னாடி இருக்கற அன்னம் எங்கே இருந்து பறந்து வந்ததுன்னு இப்பப் புரியுதா?

இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்லை. 1990-கள்ல கோமர், மெலமிட்னு ரெண்டு ரஷ்ய ஓவியர்கள் நாடு நாடா "உங்களுக்கு எப்படிப்பட்ட படம் பிடிக்கும்?"னு கருத்துக்கணிப்பு எடுத்து, வந்த பதில்படியே வரைஞ்சாங்க. ஹாலந்து மாதிரி விதிவிலக்கு இருந்தாலும், பெரும்பாலான நாட்டுக்கு வந்தது ஒரே படம்தான். நீல வானம், தண்ணி, தூரத்து மலை, கொஞ்சம் மரம். கென்யாவுலயும் அதுதான். காலண்டர் பார்த்துப் பார்த்து அப்படி ஆயிட்டாங்கன்னு ஒரு கட்சி. மனுஷன் வேட்டையாடித் திரிஞ்ச காலத்துலயே வந்த ஆசைன்னு இன்னொரு கட்சி. ஜே ஆப்பிள்டன்னு ஒரு புவியியல்காரர் 1975-ல சொன்னது எனக்குப் பிடிச்சிருக்கு. நாம எல்லாத்தையும் பார்க்கணும், நம்மள யாரும் பார்க்கக் கூடாது, அப்படிப்பட்ட இடத்துல நின்னா மனசு நிம்மதியாகும்ங்கறார். டெராஜென் படம் எல்லாமே அப்படித்தான். உசரத்துல நாம மட்டும். எதிர்ல உலகமே விரிஞ்சு கிடக்கு. யாரும் வந்து "யாருப்பா நீ, இங்கே என்ன பண்றே?"ன்னு கேட்க மாட்டாங்க.

யாரும் கேட்க மாட்டாங்கங்கறதுதான் பெரிய ருசின்னு நினைக்கறேன். கரண்ட் கம்பி இல்லை, பிளாஸ்டிக் பை இல்லை, நாத்தம் இல்லை, கொசு இல்லை. விண்டோஸ் எக்ஸ்பியில வந்ததே ஒரு பச்சை மலை, அதை இன்னைக்கு வரைக்கும் கம்ப்யூட்டர்ல வரைஞ்சதுன்னு நினைக்கறவங்க உண்டு. இல்லவே இல்லை, 1996-ல சார்லஸ் ஓ'ரியர்ங்கறவர் கலிஃபோர்னியாவுல எடுத்த நிஜ போட்டோ. அங்கே இருந்த திராட்சைத் தோட்டம் பூச்சி அரிச்சுப் போனதால கொடியெல்லாம் பிடுங்கிட்டாங்க, அதனாலதான் வெறும் புல்லு. பச்சையா இருந்தா எல்லாம் நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்லை பாருங்க. கொரட்டூர் ஏரியில ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கும்போது மொட்டை மாடியில இருந்து பார்த்தா அதுவும் எக்ஸ்பி மாதிரிதான் இருக்கும் :-)

அம்மா கேட்ட ஏரி

அம்மா சொல்லச் சொல்லக் குறிப்பு எடுத்தேன். நீளமா மண் கரை. கரை மேல பனை மரம். ஒரு பக்கம் தண்ணி, இன்னொரு பக்கம் கரைக்குக் கீழே நெல் வயல். மதகு. மழைக்காலத்துல கலங்கல் வழியா தண்ணி வழியும்போது துண்டை விரிச்சு மீன் பிடிக்கற பசங்க. குளிச்சுட்டு ஏறற எருமைங்க. சாயங்காலம் கரையில உட்கார்ந்து பிறந்த வீட்டை நினைச்சு அழுதது (இதைக் குறிப்புல எழுதலை).

டெராஜென்ல உட்கார்ந்தேன். முதல் சிக்கல், அந்தப் பதிப்புல மரமே வைக்க முடியாது. சரி, பனை மரம் வேண்டாம். ரெண்டாவது சிக்கல்தான் பெரிசு. அதுல தண்ணி மட்டம்ங்கறது ஒரே ஒரு எண். அந்த எண்ணுக்குக் கீழே இருக்கற பள்ளமெல்லாம் ரொம்பிடும். எப்படியோ இழுத்துப் பிடிச்சுக் கரையைப் போட்டேன். ஏரியில தண்ணி ஏத்தினேன். கரைக்கு அந்தப் பக்கம் இருக்கற வயலும் முழுகிப் போச்சு! மட்டத்தை இறக்கினா, ஏரி காலி.

ராத்திரி பதினோரு மணிக்குத்தான் மண்டையில உறைச்சது. ஏரின்னா என்னன்னே எனக்கு அதுவரைக்கும் தெரியலை. பள்ளத்துல தானா தேங்கினது இல்லை ஏரி. வயலை விட உசரத்துல தண்ணியைப் பிடிச்சு நிறுத்தி வைக்கறது. அந்தக் கரை மட்டும் இல்லைன்னா ஏரியே கிடையாது. காத்தும் மழையும் அரிச்சு உண்டாகற மலைக்கு ஃப்ராக்டல் கணக்கு சரி. மனுஷன் மண் சுமந்து கட்டினதுக்கு அந்தக் கணக்குல இடமே இல்லை.

நம்ம ரயில் பாதையிலேயே அரக்கோணத்தைத் தாண்டிப் போனா மகேந்திரவாடின்னு ஒரு ஊர் இருக்கு. ஏழாம் நூற்றாண்டுல மகேந்திரவர்ம பல்லவன் அங்கே ஒரே பாறையில விஷ்ணுவுக்குக் கோயில் குடைஞ்சான். மகேந்திர தடாகம்ங்கற ஏரியோட கரையில இந்தக் கோயில் இருக்குன்னு அங்கே கல்வெட்டே இருக்கு. அதே ராஜாவுக்குச் சித்திரகாரப்புலின்னு ஒரு பட்டம். ஓவியர்கள்ல புலி! படம் வரையறதும் ஏரி வெட்டறதும் ஒரே ஆளுக்குப் பெருமையா இருந்திருக்கு.

நம்ம பழைய இலக்கணமும் நிலத்தை ஆளில்லாம பார்க்கலை. தொல்காப்பியத்துல நிலமும் பொழுதும் முதற்பொருள். அங்கே இருக்கற மரம், பறவை, தொழில், தெய்வம் எல்லாம் கருப்பொருள். அங்கே மனுஷங்க மனசுல நடக்கறது உரிப்பொருள். குறிஞ்சின்னா மலை மட்டும் இல்லை, மலையில ரெண்டு பேர் சந்திக்கறது. நெய்தல்னா கடல் மட்டும் இல்லை, கடலைப் பார்த்துக்கிட்டு ஒருத்தி ஏங்கறது. டெராஜென்ல முதற்பொருள் பிரமாதம். கருப்பொருள்ல ஒரு மாடு கூட இல்லை. உரிப்பொருளைக் கேட்கவே வேண்டாம். அம்மா காபி டம்ளரோட நின்னு ஒரே பார்வையில இதைச் சொல்லிட்டாங்க, எனக்கு இருபது வருஷம் ஆச்சு.

சரி, ரசிச்சுட்டுப் போறதுல என்ன கெட்டுப் போச்சு?

நியாயமான கேள்வி. நானும் இப்பவும் ரசிக்கறேன். 2015-ல பாகுபலி அருவியை வாயைப் பிளந்து பார்த்தவன்தான் நான். ஆனா ரெண்டு விஷயம்.

1984-ல ரோஜர் உல்ரிக்னு ஒருத்தர், ஆபரேஷன் ஆனவங்கள்ல ஜன்னல் வழியா மரம் தெரிஞ்சவங்க, செங்கல் சுவர் தெரிஞ்சவங்களை விடச் சீக்கிரம் வீட்டுக்குப் போனாங்கன்னு கண்டுபிடிச்சார். அப்ப திரையில மரத்தைக் காட்டினா போதாதா? 2008-ல வந்த பீட்டர் கானோட ஆய்வுல அதையும் பார்த்தாங்க. 90 பேர். சிலருக்கு நிஜ ஜன்னல், சிலருக்கு அதே காட்சி பெரிய பிளாஸ்மா திரையில நேரடியா, சிலருக்கு வெறும் சுவர். பதற்றமான இதயத்துடிப்பு அடங்கறதுக்கு நிஜ ஜன்னல் உதவினது. திரை, வெறும் சுவரை விட உசத்தியா எதுவும் செய்யலை. கான் பயப்படறது வேற ஒண்ணுக்கு. ஒவ்வொரு தலைமுறையும் தான் பிறந்தப்ப பார்த்த நிலைமையையே இயல்புன்னு எடுத்துக்கும், என்ன போச்சுன்னே தெரியாமப் போயிடும்ங்கறார்.

ரெண்டாவது, நம்ம வீட்டு வாசல்லயே நடக்கறது. ஃப்ளாட் விளம்பர நோட்டீஸ் பார்த்திருப்பீங்க. கட்டடத்தைச் சுத்திப் புல்வெளி, நீலத் தண்ணி, ஜாகிங் போற வெள்ளைக்கார அம்மா. எல்லாம் கம்ப்யூட்டர் கைங்கரியம். "ஏரி பார்த்த வீடு"ன்னு போட்டிருந்த ஒரு நோட்டீஸை அம்மாகிட்ட காட்டினேன். "இதுல கரை எங்கேடா?"ன்னாங்க. கரை இல்லை. மதகு இல்லை. நீச்சல் குளம் மாதிரி தண்ணி மட்டும்தான் இருந்தது. நிஜத்துல அம்பத்தூர் ஏரி ரொம்பினா கொரட்டூர் ஏரிக்கு வரணும், இங்கே ரொம்பினா ரெட்டேரிக்குப் போகணும், அப்படி ஒண்ணோட ஒண்ணு கோத்த சங்கிலி இது. அந்த வழியில கழிவுநீர் வந்து கலக்கறதைத் தடுக்கச் சொல்லி நம்ம ஊர் ஜனங்க தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போய்ப் போராடினாங்க. நோட்டீஸ் ஏரிக்கு வரத்துக் கால்வாயும் கிடையாது, கழிவுநீரும் கிடையாது.

2022-க்கு அப்புறம் எழுதிக் கொடுத்தா படம் வரையற ஏஐ எல்லாம் வந்துடுச்சே, இப்பவாவது அம்மாவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாத்தலாம்னு போன வாரம் உட்கார்ந்தேன். "1974-ல் கொரட்டூர் ஏரி, மண் கரை, பனை மரம், கீழே வயல், எருமை"ன்னு அடிச்சேன். பத்து விநாடியில வந்தது. அழகோ அழகு. பனை மரம் இருக்கு, எருமை கூட இருக்கு. ஆனா பின்னாடி நீல மலை! கொரட்டூர்ல ஏது மலை? திரும்பத் திரும்பக் கேட்டும் ஏதாவது ஒரு மூலையில மலை எட்டிப் பார்த்தது. கோடிக்கணக்கான படங்களைப் பார்த்துப் படிச்சது அது. தண்ணி இருக்கற படத்துல எல்லாம் மலையும் இருந்திருக்கும், அதுவும் சேர்த்தே வரைஞ்சுடுது. டேனியல் காலத்துச் சட்டம், படுதா, காலண்டர், டெராஜென், இப்ப இது. மாட்டற ஆணிதான் மாறுது.

அப்படின்னா கொரட்டூர் ஏரியோட படங்களைக் கொடுத்தா கத்துக்குமேன்னு ஆல்பத்தை முழுக்கப் புரட்டினேன். 1974-ல இருந்து 1990 வரைக்கும் மூணு ஆல்பம். காது குத்து, பிறந்த நாள், மகாபலிபுரம், ஊட்டி. ஏரி இருக்கற போட்டோ ஒண்ணு கூட இல்லை. தினமும் பார்க்கற மண் கரையையும் எருமையையும் யாராவது ஃபிலிம் செலவு பண்ணி எடுப்பாங்களா? அழகுன்னா வேற எங்கேயோ இருக்குன்னுதான் எங்க எல்லார் நினைப்பும். அன்னம் இருக்கு, ஏரி இல்லை.

அதனால இப்ப வேற வழியில இறங்கியிருக்கேன். ஒரு சார்ட் பேப்பர், பென்சில், பக்கத்துல அம்மா. மதகு எங்கே, கலங்கல் எங்கே, எந்தப் பனைக்குப் பக்கத்துல உட்கார்ந்தாங்கன்னு அவங்க சொல்லச் சொல்லக் குறிச்சுக்கிட்டு வரேன். என் கை வரையறது கண்றாவியா இருக்கு. எருமையைப் பார்த்துட்டு "நாயா?"ன்னு கேட்டாங்க. ஆனா கரைக்கு அந்தப் பக்கம் வயல் முழுகலை.

உங்க வீட்டுப் பழைய ஆல்பத்துல, யாரோட தோளுக்குப் பின்னாடியாவது தெரியாத்தனமா ஏரியோ குளமோ வயலோ விழுந்திருக்கான்னு ஒரு தடவை பாருங்க. இருந்தா பத்திரமா வெச்சுக்குங்க. இல்லைன்னா, சொல்றதுக்கு வீட்டுல ஆள் இருக்கும்போதே பென்சிலை எடுத்துடுங்க.